குழியும் தறியும்: ஒரு தொடக்கக் குறிமுறையை வாசித்தல்

நமது சிற்றிதழ்ச் சூழலில் 'பொது' என்கிற சொல் சந்தேகத்துக்குரியதாகிப் பல வருடங்கள் ஆகின்றன. பொது மனிதன், பொது அழகியல், பொது அறிவு என்று யாராவது வாயெடுத்தால் 'எங்கே நின்றுகொண்டு சொல்கிறாய்?' என்று கேட்டுவிடுகிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் கேட்டதோடு வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறோம். பொதுவான ஒன்று உண்மையிலேயே பல இடங்களில் ஓடுகிறதென்றால் எப்படி ஓடுகிறது, அது ஓடுவதற்கான உள்ளூர் வேலையை யார், எந்த வரியில் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. அதைப் பார்க்க இலக்கியத்துக்கு வெளியே ஒரு பிரதியை எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல், அதிலும் அது கண் விழிக்கிற முதல் சில நூறு வரிகள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு பதில் உண்டு. பாடபேதம் பார்க்கத் தெரிந்தவனுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது.

கெர்னல் என்பது வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. நினைவகத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, செயலியில் யார் முறை எப்போது என்பதெல்லாம் அதன் தீர்ப்பு. லினக்ஸ் கெர்னலின் மூலபாடம் இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. கைபேசியிலிருந்து மீக்கணினி வரை, சுமார் இருபது செயலி வகைகளில் அது ஓடுகிறது. இந்த வரிகளில் மிகப் பெரும்பகுதி எல்லாச் செயலிகளுக்கும் பொது. அந்தப் பொதுப்பகுதிக்கு ஒரு வாசல் இருக்கிறது: 'ஸ்டார்ட் கெர்னல்' என்று பெயர் வைத்த ஒரு செயல்கூறு. எந்த இயந்திரமானாலும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும்.

வாசல்வரை வருவது எப்படி என்பதுதான் கதை. அந்த வழி ஒவ்வொரு செயலிக்கும் வேறு. மின்சாரம் வந்ததும் செயலிக்கு எதுவும் தெரியாது. நினைவகம் எங்கே ஆரம்பிக்கிறது, அடுக்கு எங்கே வைப்பது, எதுவும். இன்டெல் வகைச் செயலி இன்றைக்கும் விழிக்கும்போது 1978இல் வந்த 8086இன் பதினாறு பிட் பாவனையில்தான் விழிக்கிறது. பிறகு படிப்படியாகத் தன் வயதுக்கு வருகிறது. இந்தப் படிகளைக் கடத்திவிடுவதற்காக அந்தந்தச் செயலியின் சொந்த மொழியில், அசெம்பிளியில், எழுதிய சிறு பகுதிதான் தொடக்கக் குறிமுறை. பொதுவானது தொடங்குவதற்கு முன்னால் பொதுவல்லாதது ஒன்று ஓடி முடிந்திருக்க வேண்டும். இது தத்துவம் இல்லை, கோப்பு வரிசை.

எங்கள் ஊரில் இதை விளக்க உவமை தேட வேண்டாம். பெரிய காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் பழைய நெசவு வீடுகளில் இருப்பது குழித்தறி. நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்து காலைக் குழியில் விடுவார். மிதிகள் குழிக்குள் இருக்கும். தெலுங்கு பேசுகிற பத்மசாலியர், தெலுங்கும் கன்னடமும் பேசுகிற தேவாங்கர் என்று நெசவுச் சாதிகள் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்த ஊர் இது. தறி இடம்பெயரும். சட்டம், அச்சு, விழுது, நாடா எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றலாம். குழியை ஏற்ற முடியாது. போன இடத்தில் அந்த மண்ணைப் பார்த்து, உட்காருகிறவர் காலைப் பார்த்துப் புதிதாகத் தோண்டித்தான் ஆக வேண்டும். தறி ஊர் ஊராகப் போனது என்று வரலாறு எழுதுகிறவர்கள் குழி தோண்டியவர்களைப் பற்றி எழுதுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுப் பாவு ஏற்றும்போது தீர்ந்துபோன பாவின் மிச்ச நுனிகள் அச்சிலும் விழுதிலும் அப்படியே நிற்கும். புது இழைகளை ஒவ்வொன்றாக அந்தப் பழைய நுனிகளோடு பிணைத்து முன்னால் இழுப்பார்கள். கணினி தொடங்குவதும் இப்படித்தான். சில்லுக்குள் எரித்து வைத்த சிறு நிரல், பிறகு ஏற்றி நிரல், பிறகு தொடக்கக் குறிமுறை, பிறகுதான் ஸ்டார்ட் கெர்னல். ஒன்றின் வாலில் மற்றதன் தலை. ஒரு இழை விட்டுப்போனால் துணி முழுக்கக் கோடு ஓடும்.

லினக்ஸ் பிறக்கும்போதே இடம்பெயரும் தகுதியோடு பிறக்கவில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை அறிவித்தபோது இது 386 செயலியின் வசதிகளையே நம்பியிருக்கிறது, வேறெங்கும் போகாது என்கிற பொருளில்தான் சொன்னார். 1992 ஜனவரியில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் அதை வைத்தே அடித்தார்: ஒரே செயலியோடு கட்டிப்போட்ட இயங்குதளத்துக்கு எதிர்காலம் இல்லை. யூனிக்ஸ் ஏற்கெனவே அந்தப் பாதையைக் கடந்திருந்தது. 1973இல் அதை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். 1977 வாக்கில் பெல் ஆய்வகத்திலும் ஆஸ்திரேலியாவின் வூலங்காங் பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாக அதை வேறு கணினிகளுக்குக் கொண்டுபோனார்கள். டானன்பாம் சொன்னது கோட்பாட்டளவில் சரி. ஆனால் 1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்பில் ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் செயலிகளுக்கான குறிமுறை வந்துவிட்டது. தோண்டினார்கள், அவ்வளவுதான்.

இனி பேட்ச் பரிசீலனைக்கு வருவோம். பேட்ச் என்பது மூலபாடத்தில் இன்ன வரியை நீக்கு, இன்ன வரியைச் சேர் என்று சொல்கிற திருத்தத் தாள். கூடவே ஏன் என்று ஒரு கடிதம். அதைப் பலர் வரி வரியாக வாசித்துக் கேள்வி கேட்பார்கள். எழுதியவர் பதில் சொல்ல வேண்டும், அல்லது மாற்றி இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் என்று அனுப்ப வேண்டும். பத்து வடிவம் போவதெல்லாம் சகஜம்.

இன்டெல் வகைச் செயலியின் தொடக்கக் குறிமுறையில் நடந்ததை எடுத்துக்கொள்கிறேன். இதைப் புரிந்துகொள்ள முகவரி பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். கெர்னலைக் கட்டும்போதே அது எந்த முகவரியில் குடியிருக்கப்போகிறது என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். மிக உயரத்தில் ஒரு கற்பனை முகவரி. ஆனால் முதல் கணத்தில் அது கீழே, நினைவகத்தில் எங்கோ ஓரிடத்தில், கிடக்கிறது. கற்பனை முகவரியை உண்மை இடத்தோடு பொருத்தும் அட்டவணையைத் தயார் செய்வதே தொடக்கக் குறிமுறையின் முக்கிய வேலை. அதாவது புதுத் தெருவின் முகவரியில் கடிதத்தாள் அச்சடித்தாயிற்று, தெருதான் இன்னும் போடவில்லை. அந்த இடைவேளையில் குறிமுறை எதையாவது 'கதவு எண் இன்னது' என்று முழு முகவரியால் தேடினால் தொலைந்தது. 'இங்கிருந்து மூணு வீடு தள்ளி' என்று நிற்கிற இடத்திலிருந்து தூரம் சொல்லித் தேடினால் பிழைக்கும்.

அசெம்பிளியில் எழுதும்போது எந்த விதத்தில் தேடுவது என்பதை எழுதுகிறவரே தீர்மானிக்கிறார். 2017இல் இந்தப் பகுதியின் ஒரு பெரிய துண்டை சி மொழிக்கு மாற்றினார்கள். ஐந்தடுக்கு முகவரி அட்டவணை வந்து சிக்கல் கூடியதால் வாசிக்க எளிதான மொழி தேவைப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் சி மொழியில் முகவரியை எப்படித் தேடுவது என்பதை கம்பைலர் முடிவுசெய்யும். கம்பைலருக்கோ இது இடைவேளைக் குறிமுறை என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு மாறியையும் தொடும்போது கையால் கணக்குப் போட்டு முகவரியைச் சரிசெய்யும் வரியை எழுதினார்கள். ஒரு இடத்தில் மறந்தால்? அதுதான் விஷமம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கம்பைலர் தன் வசதிக்காகத் தூரக்கணக்கையே தேர்ந்தெடுத்திருக்கும். ஓடும். ஜிசிசி என்கிற கம்பைலருக்குப் பதில் கிளாங் என்கிற கம்பைலரால் கட்டினாலோ, அதே கம்பைலரின் அடுத்த பதிப்பால் கட்டினாலோ தேர்வு மாறலாம். மாறினால் இயந்திரம் எழாது. பிழைச் செய்தியும் வராது. பிழைச் செய்தியை அச்சிடுகிற பகுதியே இன்னும் எழவில்லையே! பிழையைக் கவனிக்க ஆள் இல்லை, ஆள் இல்லாததே இன்னொரு பிழை, அதைக் கவனிக்கவும் ஆள் இல்லை என்று மூன்றாவது சறுக்கலில் செயலி தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். கறுப்புத் திரை, மறுபடி கறுப்புத் திரை.

2024இல் வந்த பேட்ச் வரிசை இந்தக் கைக்கணக்கை எடுத்துவிட்டு, தூரக்கணக்கைக் கட்டாயப்படுத்தும் ஒரே முறையை எல்லா இடத்திலும் வைத்தது. 2025இல் தொடக்கக் குறிமுறையைத் தனி அடைவுக்குள் பிரித்து, எங்கே வைத்தாலும் ஓடும் வகையில் தனி விதிகளோடு கட்ட ஆரம்பித்தார்கள். இவற்றை வாசிக்கும்போது என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு நிலைப்பாடு. 'இதுவரை ஓடிக்கொண்டிருந்ததே' என்பதை அவர்கள் சான்றாக ஏற்பதில்லை. யாரும் வாக்குக் கொடுக்காத ஒன்றை நம்பி ஒரு வரி நிற்கிறதென்றால், அது ஓடினாலும் தவறுதான். கருத்தியல் என்று நாம் சொல்வதும் இதைத்தானே? எழுதப்படாத அனுமானம் எழுதப்பட்டதைத் தாங்கி நிற்பது. நாம் அதை ஒரு சமூகத்தின் மேல் மொத்தமாகச் சுமத்துகிறோம். அவர்கள் இன்ன கோப்பில் இன்ன வரி என்று சுட்டுகிறார்கள்.

என் சித்தி மகன் இந்த வேலையில் இருக்கிறான். அவன் வீட்டில் குழியை மூடி, மேலே டைல்ஸ் போட்டு, அங்கேதான் கணினி மேசை போட்டிருக்கிறான். (குறியீடு தேடுகிறவர்கள் தேடட்டும், வீட்டில் வேறு இடமில்லை என்பதுதான் காரணம்.) வெளியே அனுப்புமுன் பார்த்துக் கொடுக்கச் சொல்லி அவனிடம் வந்த ஒரு பேட்சை எனக்குக் காட்டினான். ரிஸ்க்-வி என்கிற செயலி வகையின் தொடக்கக் குறிமுறையில் ஒரு திருத்தம். நினைவகம் ஆரம்பிக்கும் இடத்தை ஒரு மாறா எண்ணாக எழுதியிருந்தார்கள். பதினாறடிமான எண்ணில் எட்டு, அப்புறம் ஏழு சுழியம்.

"இது தப்பாடா?"

"தப்பில்லண்ணா. அவங்க போர்டுல அங்கதான் இருக்கு. ஓடவும் செய்யுது. ஓடறதுதான் பிரச்னை."

பல ரிஸ்க்-வி பலகைகளில் நினைவகம் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் விஷன்ஃபைவ் 2 என்கிற பலகையில் நான்கும் ஏழு சுழியமும். எட்டு என்று எழுதிய கை தன் வீட்டுக் குழியை உலகத்துக் குழி என்று நினைத்துக்கொண்டது. ரிஸ்க்-வியில் இதற்கு வழியும் இருக்கிறது. நான் இப்போது நிற்கும் இடம் எது என்று செயலியையே கேட்டு அங்கிருந்து கணக்கிடும் கட்டளை ஒன்று உண்டு. மற்ற உள்ளூர் விவரங்களுக்கு ஒரு சீட்டு வரும். 'டிவைஸ் ட்ரீ' என்பார்கள். நினைவகம் இங்கே, இவ்வளவு, தொடர் துறை அங்கே என்று பலகையே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் விவரம். ஏற்றி நிரல் அந்தச் சீட்டின் முகவரியை ஒரு பதிவகத்தில் வைத்துவிட்டுத்தான் கெர்னலைக் கூப்பிடும்.

இந்தச் சீட்டு வந்ததற்கும் ஒரு சண்டை இருக்கிறது. ஆர்ம் செயலிகளுக்கு முன்பெல்லாம் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தனிக் கோப்பை கெர்னலுக்குள்ளேயே எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் பலகையின் சரித்திரத்தைப் பொதுப்பிரதிக்குள் கொட்டியது. 2011இல் டோர்வால்ட்ஸ் கோபப்பட்டார். அதற்குப் பிறகு பலகை விவரங்களைக் குறிமுறையிலிருந்து பிரித்து டிவைஸ் ட்ரீக்கு மாற்றும் வேலை வேகம் பிடித்தது. இங்கே நம் கோட்பாட்டாளர்கள் கவனிக்க ஒன்று உண்டு. உள்ளூர்த்தன்மையை அழிக்கவில்லை, பொதுமைக்குள் கரைக்கவுமில்லை. உள்ளூர் தன்னைத் தானே எடுத்துரைக்க ஒரு இலக்கணம் கொடுத்தார்கள். அந்த இலக்கணத்தில் சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். அதற்கும் தனியாகச் சண்டை நடக்கிறது.

சரி, பேட்சுக்கு அவன் என்ன செய்தான்? கெர்னல் பரிசீலனையில் பெயர் போடுவதற்குச் சில முறைகள் உண்டு. 2003இல் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குப் போட்ட பிறகு, 2004இல், இந்த வரியை அனுப்பும் உரிமை எனக்கு இருக்கிறது என்று அனுப்புகிறவர் கையெழுத்திடும் வழக்கம் வந்தது. 'டெஸ்டட்-பை' என்று போட்டால் என் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன் என்று அர்த்தம். 'ரிவ்யூட்-பை' வேறு. முழுக்க வாசித்தேன், என் ஐயங்களை எழுதியவரிடம் சொன்னேன், பதிலில் திருப்தி, இது உள்ளே வரத் தகுதியானது என்று நம்புகிறேன், ஆனாலும் இது எங்கும் சரியாக ஓடும் என்று உத்தரவாதம் தரவில்லை. இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம், விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நமது பத்திரிகைகளில் வருகிற மதிப்புரைகளை இந்த அளவுகோலில் வைத்தால் பெரும்பாலானவை டெஸ்டட்-பைகூடத் தேறாது. புத்தகத்தை ஒருமுறை தொடங்கிப் பார்த்தவர் கொடுக்கும் வாழ்த்துரை அது.

"அவங்களுக்கு அவசரம். ஒரு ரிவ்யூட்-பை போட்டுக் குடுன்னாங்க. டெஸ்டட்-பை வேணா போடறேன்னு சொல்லிட்டேன்" என்றான். எட்டும் ஏழு சுழியமும் இருந்த வரிகளை எடுத்துவிட்டு அடுத்த வடிவம் வந்தது. பதினொரு வரி குறைந்திருந்தது. அதற்குத்தான் ரிவ்யூட்-பை கொடுத்தான்.

ரிஸ்க்-வி என்றதும் நம் செய்தித்தாள்களுக்குச் 'சக்தி' நினைவுக்கு வரும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு 2014 வாக்கில் தொடங்கிய செயலித் திட்டம். 2018இல் இந்தியாவின் முதல் சுதேசிச் செயலி என்று கொண்டாடினார்கள். முதல் சில்லுகள் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் உருவாகி வந்தன, அவற்றில் லினக்ஸ் எழுந்தது. பிறகு அதே ஆண்டில் நம் அரசு ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் செய்தார்கள். பெரிய சாதனை, நான் குறைத்துச் சொல்லவில்லை. செயலியின் வடிவமைப்பைத் திறந்து வைத்தார்கள், அது அதைவிடப் பெரிது. என் கேள்வி 'சுதேசி' என்ற சொல்லைப் பற்றியது.

லினக்ஸ் கெர்னலுக்குள் ரிஸ்க்-விக்கான குறிமுறை முதலில் சேர்ந்தது 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில். அதன் தொடக்கக் கோப்பின் தலையில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெயரில் 2012ஆம் ஆண்டு உரிமைக் குறிப்பு இருக்கிறது. கீழே இன்னொரு வேடிக்கை. யுஇஎஃப்ஐ என்கிற தொடக்க முறையில் எழும்படி கெர்னலைக் கட்டினால், அதன் முதல் கட்டளை ஒரு பதிவகத்தில் கழித்தல் பதின்மூன்று என்ற எண்ணைப் போடும். யாரும் அந்த எண்ணைப் பயன்படுத்துவதில்லை. பிறகு எதற்கு? அந்தக் கட்டளையின் இரண்டு பைட்டுகளை எழுத்தாக வாசித்தால் 'எம்', 'இசட்' என்று வரும். மைக்ரோசாஃப்டில் டாஸ் எழுதிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள். டாஸ் காலத்திலிருந்து வரும் அந்த அடையாளம் முதலில் இருந்தால்தான் யுஇஎஃப்ஐ அதை ஓடக்கூடிய கோப்பாக ஏற்கும். செயலியின் கண்ணுக்கு அர்த்தமில்லாத கட்டளை, வாயிற்காவலன் கண்ணுக்கு அடையாளம். பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குகிற மரபில் வளர்ந்த நமக்கு இது புரியாதா என்ன! ஆனால் யார் சுழி என்று பாருங்கள்.

இதைச் சொல்லி 'சுதேசி என்பது பொய்' என்று முடிப்பது சுலபம், அது சோம்பேறி வாசிப்பு. இந்தக் கோப்பில் எந்த வரியும் ஒரு தேசத்துக்குரியதில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஆள் உண்டு, ஆண்டு உண்டு, காரணக் கடிதம் உண்டு. 'நம்முடையது' என்று அறிவிக்கிறவர்கள் எந்தக் குழியைத் தோண்டினார்கள் என்று வரி காட்ட முடியுமானால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. சக்தி குழுவினால் நிறைய வரிகளைக் காட்ட முடியும். அறிவிப்பவர்கள் அவற்றைக் காட்டுவதில்லை, கொடியைக் காட்டுகிறார்கள்.

எல்லோரும் வந்து வாசிக்கலாம் என்கிற திறந்த வாசலைப் பற்றி நமக்கு மயக்கம் வேண்டாம். 2024 அக்டோபரில், பொருளாதாரத் தடைகளைக் காரணம் காட்டி, ரஷ்யத் தொடர்புள்ள பத்துப் பன்னிரண்டு பேரின் பெயர்களைப் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ஒரே பேட்சில் எடுத்தார்கள். அதன் காரணக் கடிதம் மிகச் சிறியது. ஒரு மாறா எண்ணுக்கு மூன்று வடிவம் கேட்கிற சூழலில் அந்தப் பேட்ச் வழக்கமான விவாதம் ஏதும் இல்லாமல் உள்ளே போயிற்று. கேள்வி கேட்டவர்களுக்கு டோர்வால்ட்ஸ் கடுமையாகப் பதில் சொன்னார். எடுத்தது பெயர்களை மட்டும்தான். அவர்கள் எழுதிய வரிகள் அங்கேயே இருக்கின்றன, ஓடிக்கொண்டும் இருக்கின்றன.